மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் நடுவில்

எப்பவும் வெளிர் நிறத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். என் வகுப்புல முதல் நாள் முதல் பாடமே அதுதான். முதல்ல மஞ்சள், அப்புறம் இளஞ்சிவப்பு, கடைசியாத்தான் ஊதா. அவசரப்பட்டு அடர் நிறத்தை முதல்ல தொட்டுட்டா, பிறகு தலைகீழா நின்னாலும் அதை வெளுக்க முடியாது. நடந்ததை ஆதியோட அந்தமா சொல்லுங்கன்னு கேட்டீங்க இல்லையா, அதனால நானும் வெளிர்ல இருந்தே சொல்லிக்கிட்டு வர்றேன்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். உங்க அப்பாவுக்கு மட்டும்தான் அது பிடிக்கும். "முப்பது வருஷம் ஓடுற பஸ்ல நின்ன கண்டக்டர் டீச்சரம்மா நான், ஆடாத இடத்துல எனக்கு உட்காரத் தெரியாது"ன்னு சொல்வார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் ரெண்டு வருஷமா வண்ணச் சக்கரத்தைப் பத்திப் பேசறேன், ஒருத்தர் முகத்துல ஒரு சிரிப்பு வந்ததில்லை.

பரவாயில்லை, அதே நாற்காலியில உட்காரணும்னா உட்காருங்க.

கீழே இருக்கிற ஸ்டேஷனரி கடை என் அண்ணனோடது. கடையை நடத்தறது அண்ணி. மாடியில இந்த அறையில நான் சனிக்கிழமை சனிக்கிழமை வாழ்த்து அட்டை வகுப்பு எடுக்கறேன். பதினாலு பேர். ஒரு பல் டாக்டர் வர்றார், ரெண்டு டைப்பிஸ்ட், பாக்கி எல்லாம் பொழுது போகாத வீட்டுக்காரங்க. இங்க் பேட், பிரஷ், நல்ல தடிமனான வெள்ளை கார்டு, அவ்வளவுதான் வேணும். ஒரு நிறம் எங்கே முடிஞ்சது, அடுத்தது எங்கே தொடங்கினதுன்னு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மையை இழைக்கணும். அதுக்குப் பேர்தான் பிளெண்டிங். பார்க்க சுலபம். செஞ்சு பார்த்தா நாக்கு தள்ளிடும்.

உங்க அப்பா வந்த முதல் நாளே எல்லார் முன்னாடியும் விஷயத்தைப் போட்டு உடைச்சார். மத்தவங்க எல்லாம் "எனக்கு ஓவியம்னா உயிர்" அப்படி இப்படின்னு அறிமுகம் பண்ணிக்கிட்டாங்க. இவர் எழுந்து நின்னு, "எம்பொண்ணு என்கூடப் பேசி ஆறு வருஷம் ஆச்சு"ன்னு ஆரம்பிச்சார். நீங்க போன்ல கடைசியா சொன்னதை ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சார். "பள்ளிக்கூடத்துல கொடுத்த கைவேலையில இருந்து கல்யாணப் பரிசு வரைக்கும் எல்லாத்தையும் டிப்போ கிளார்க்கை விட்டே செஞ்சு கொடுத்தீங்கப்பா, எனக்காக உங்க கையால ஒரே ஒரு பொருள் செஞ்சு அனுப்புங்க, அன்னிக்கு நானே கிளம்பி வர்றேன், அது வரைக்கும் போன் பண்ணாதீங்க." இப்படித்தானே சொன்னீங்க? தலையை ஆட்டறீங்க. அப்போ அவர் கை கால் வச்சுச் சொல்லலை.

அதனால எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரியும். காது நல்லாவே கேட்டது. அந்த நேரத்துல நான் அவர் விரலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொண்ணும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. இந்தக் கையால மையை இழைக்க முடியுமான்னு யோசிச்சேன்.

முடியலை. பிரஷ்ஷை மையில தொட்டதும் நேரா கார்டு மேல வைக்கக் கூடாது. கார்டுக்கு அடியில ஒரு பழைய தாளைப் போட்டு, அதுல வட்டம் வட்டமா சுத்திக்கிட்டே ஓரத்துல இருந்து உள்ளே வரணும். உங்க அப்பா எடுத்த எடுப்புல நட்டநடுவுல இறங்குவார். பாத்திரம் தேய்க்கிற மாதிரி அழுத்துவார். "மெதுவா, மெதுவா"ன்னு நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துவேன். "ஸ்டாப்பிங் வந்துட்டா இறங்கித்தானே ஆகணும்"னு சொல்வார். மறுபடியும் சிரிப்பு. பல் டாக்டர் தன் மேசையைத் தூக்கிக்கிட்டுப் போய் அவர் பக்கத்துலயே போட்டுக்கிட்டார்.

இதைவிடப் பெரிய தலைவலி வேற ஒண்ணு. மஞ்சளையும் ஊதாவையும் நேருக்கு நேர் சந்திக்க விட்டா சேறுதான் வரும். டீ வடிகட்டின துணி மாதிரி ஒரு பழுப்பு. நடுவுல இளஞ்சிவப்பு கொடுத்தா ரெண்டும் சமாதானமாப் போயிடும். குழந்தைகூடப் புரிஞ்சுக்கும். உங்க அப்பா கேக்கவே மாட்டேன்னுட்டார். மஞ்சள், ஊதா, ரெண்டே ரெண்டுதான். ஏன் இப்படி அடம் பிடிக்கறீங்கன்னு கேட்டேன்.

"பாப்பாவுக்கு ஆறு வயசு இருக்கும் டீச்சரம்மா. அவ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்ல விட ஆள் இல்லை. அன்னிக்கு ஒருநாள் பூரா என் பஸ்லயே கூட்டிக்கிட்டு சுத்தினேன். மஞ்சள் கவுன், ஊதா ரிப்பன். எனக்கு அவளோட சின்ன வயசுன்னு சொன்னா அந்த ஒரு நாள்தான் இருக்கு. நடுவுல வேற எதுவும் வேணாம்."

உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கா? இருக்கா. சரி. தண்ணி அந்த ஜக்குல இருக்கு, ஊத்திக் குடிங்க.

எனக்கும் மனசு இல்லாம இல்லை. ஆனா ஞாபகத்துக்கும் வண்ணச் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? பாசமா தேய்ச்சாலும் சேறு சேறுதான்.

நாலு மாசம் தேய்ச்சு, உங்க பிறந்தநாளுக்கு ஒரு கார்டு முடிச்சார். எங்க வகுப்புல ஒரு வழக்கம் உண்டு. முடிச்ச கார்டை எல்லாம் என்கிட்ட கொடுத்துடுவாங்க. நான் கவர் செஞ்சு, கவருக்கு உள்பக்கம் பொருத்தமா ஒரு வண்ணத் தாள் ஒட்டி, பின்னால வகுப்போட ஸ்டிக்கரை ஒட்டி, திங்கட்கிழமை காலையில மொத்தமா தபால்ல சேர்ப்பேன். ஸ்டிக்கர்ல என் பேர், இந்த முகவரி, "கையால் செய்தது"ன்னு ஒரு வரி. அதுவும் நானே செதுக்கின அச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் கார்டை இந்த மேசையில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு மூலையில கட்டைவிரல் ரேகை முழுசா பதிஞ்சிருந்தது. நடுவுல சேறு. உள்ளே பஸ் குலுங்கும்போது எழுதின மாதிரி கையெழுத்து. "பாப்பா, இது நானே செஞ்சது. நல்லா இல்லை. அப்பா." அவ்வளவுதான் வாசகம். இதுக்குப் பின்னால என் பேரை ஒட்டணும். ஒட்டி, வேற ஊருக்கு அனுப்பணும். நாளைக்கு அதைப் பார்க்கிறவங்க, இதைச் சொல்லிக் கொடுத்த புண்ணியவதி யாருன்னு கேப்பாங்களா மாட்டாங்களா?

முதல்ல திருத்தலாம்னுதான் நினைச்சேன். சேத்தைத் திருத்த முடியாது. அதனால புது கார்டு எடுத்தேன். நாப்பது நிமிஷம்தான். மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா. விடியற்கால வானம் மாதிரி வந்தது. ஸ்டென்சில் வச்சு நாலு பறவை. வாசகத்தையும் கொஞ்சம் செப்பனிட்டேன். "அன்பு மகளே, வானவில்லின் வண்ணங்கள் யாவும் உன் வாழ்வில் மலரட்டும்." நல்லா இல்லைன்னு அவரே எழுதியிருந்தார். நான் நல்லா இருக்கற மாதிரி பண்ணினேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?

அண்ணி அந்த நேரம் பார்த்து மாடிக்கு வந்தாங்க. ரெண்டு கார்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. "அந்த மனுஷன் என்ன சொல்லிட்டு இங்கே சேர்ந்தார்னு ஊருக்கே தெரியும். அவரோடதை அனுப்பிடு. உன் கெட்டிக்காரத்தனத்தை வேற எங்கேயாவது காட்டு"ன்னாங்க. அண்ணிக்குக் கலை ரசனை கிடையாது. ரப்பர் எத்தனை, பென்சில் எத்தனைன்னு கேட்டா சொல்வாங்க.

நீங்க பதில் போடலை. உங்க அப்பா சனிக்கிழமை தவறாம மாடி ஏறி வந்து, "தபால் எதாவது உண்டா டீச்சரம்மா?"ன்னு கேப்பார். இல்லைன்னா, "பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு உட்கார்ந்துடுவார்.

அதுக்கு நடுவுல நூலகத்து ஹால்ல எங்க வகுப்போட கண்காட்சி வந்தது. உங்களுக்கு அனுப்பினது மாதிரியே இன்னொண்ணு செஞ்சு, "ஓய்வு பெற்ற கண்டக்டரின் கைவண்ணம்"னு எழுதி வச்சேன். நீங்க பழகினதுல ஒண்ணை எடுத்து வச்சிருக்கேன்னு உங்க அப்பாகிட்ட சொன்னேன். எழுபத்தோரு வயசு மனுஷன் நாலு மாசத்துல இப்படி ஒரு வானத்தைச் செஞ்சா, சொல்லிக் கொடுத்தவளைப் பத்தி யாரும் தனியா எழுத வேண்டியதில்லை. ஆறு பேர் அன்னிக்கே பேர் கொடுத்தாங்க. உங்க அப்பா கார்டுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி போட்டுக்கிட்டார்.

"டீச்சரம்மா, இது என்னுது மாதிரியே இல்லையே?"

"மை காய்ஞ்சா நிறம் மாறும்"னு சொன்னேன்.

"பறவை?"

"அலங்காரத்துக்கு நான் நாலு பறவை சேர்த்தேன். பாக்கி எல்லாம் உங்க கைதான்."

அவர் நம்பிட்டார். மை காய்ஞ்சா கொஞ்சம் மாறத்தான் செய்யும், அது பொய் இல்லை. பக்கத்துல நின்னவங்ககிட்ட எல்லாம், "பொறுமையா காயவிடணும், அதான் சூட்சுமம்"னு விளக்கம் வேற. எனக்கு அன்னிக்கு அவரைப் பார்க்கப் பிரியமாத்தான் இருந்தது. ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது கார்டு செஞ்சார், விசேஷம் ஒண்ணும் இல்லாமலே. அதையும் மாத்தித்தான் அனுப்பினேன். அது முதலாவதைவிட நல்லா வந்தது. சாயங்கால வானம்.

அதுக்கு அப்புறம்தான் உங்க கடிதம் வந்தது.

ஆமா, வந்தது. அதை உங்க அப்பாகிட்ட காட்டியிருப்பேன்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தீங்களா? ஸ்டிக்கர்ல இருந்த முகவரியைப் பார்த்து எனக்கே எழுதியிருந்தீங்க. இந்த இழுப்பறையிலதான் இருக்கு. மனப்பாடமாவே சொல்வேன். "இந்தக் கார்டுகளைச் செய்பவருக்கு. இவை மிக அழகாக இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். என் அப்பா வழக்கம்போல வேறு ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள், நான் அழகைக் கேட்கவில்லை. கோணல்மாணலாக இருந்தாலும் சரி, அவர் கையால் செய்த ஒன்று வந்தால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்."

ரெண்டு தடவை படிச்சேன். மிக அழகாக இருக்கின்றனன்னு நீங்க எழுதின இடத்தை மூணாவது தடவையும் படிச்சேன். எனக்கு யாரும் அப்படி எழுதினதில்லை. நான் எல்லாருக்கும் கார்டு அனுப்பறவ. எனக்குன்னு இதுவரைக்கும் ஒரு கார்டு வந்தது கிடையாது.

சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. எப்படிச் சொல்றது? ஐயா, உங்க கார்டை நான் அனுப்பலை, அந்தச் சேத்தையே அனுப்பியிருந்தா உங்க பொண்ணு ஒரு வருஷம் முன்னாடியே வந்திருப்பாங்கன்னா? அவர் பேசாம போயிடுவார்னு நினைக்கறீங்களா? முப்பது வருஷம் பஸ்ல சத்தம் போட்ட தொண்டை அது. மாடிப்படி இறங்கறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். கண்காட்சியைப் பார்த்து சேர்ந்த ஆறு பேரும் அவர் பின்னாலயே இறங்கியிருப்பாங்க. அதனால நான் மென்னு முழுங்கிட்டேன். உங்களுக்கு மட்டும் மரியாதையா ஒரு பதில் போட்டேன். "எங்கள் வகுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு கார்டும் முழுக்க முழுக்கக் கையால் செய்யப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்." அதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டுங்க.

அதுக்கு அப்புறம் நீங்க எழுதலை. கோபம் வந்திருக்கும். நியாயம்தான்.

இந்த வருஷம் அவருக்கு நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. திங்கட்கிழமை நான் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை, கார்டும் இங்க் பேடும் கொண்டு வந்தீங்களான்னுதான் கேட்டார். அண்ணி முன்னாடியே பையில போட்டு அனுப்பியிருந்தாங்க. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையில வச்சுத் தேய்ச்சார். மூணு சுத்து, நிறுத்தி மூச்சு வாங்குவார், மறுபடி மூணு சுத்து. போர்வை எல்லாம் ஊதா. நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினாங்க. அழுத்தறதுக்குத் தெம்பு இல்லாததால அன்னிக்குத்தான் கொஞ்சம் மெதுவா இழைச்சார், அதையும் நான் சொல்லணும். ஆனா நடுவுல சேறு இருக்கத்தான் இருந்தது.

"இதுவாவது தேறுமா டீச்சரம்மா?"

"காய்ஞ்சா சரியாயிடும்."

"வருவாளா?"

"கார்டு நல்லா இருந்தா வருவாங்க"ன்னு சொன்னேன். உங்க கடிதம் அப்போ என் கைப்பையிலதான் இருந்தது. எங்கே போனாலும் அதை எடுத்துக்கிட்டுப் போற பழக்கம் வந்துடுச்சு. அந்த அழகுன்னு எழுதின வரிக்காகத்தான், வேற எதுக்கும் இல்லை.

வர்ற வழியில தபால் பெட்டி இருந்தது. அங்கே ஒரு நிமிஷம் நின்னேன். நிக்கலைன்னு சொல்ல மாட்டேன். கார்டை அப்படியே போட்டிருந்தா புதன்கிழமை உங்க கையில இருந்திருக்கும். நீங்க சொன்ன மாதிரி அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருந்தா அன்னிக்குச் சாயங்காலமே அவர் கட்டில் பக்கத்துல இருந்திருப்பீங்க. வியாழக்கிழமை விடியற்காலையிலதான் அவர் போனார். இதை எல்லாம் நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஆனா கடைசி கார்டு இல்லையா? ஏனோதானோன்னு அனுப்ப எனக்கு மனசு வரலை. இதுவரைக்கும் செஞ்சதிலயே உசத்தியா இருக்கணும்னு வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். ஒவ்வொரு நிறத்தையும் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். மூணு நிறம், ஏழு அடுக்கு. வெள்ளிக்கிழமை கார்டு முடிஞ்சது, சனிக்கிழமை தபால்ல சேர்த்தேன். பொறுமைதான் இந்த வேலைக்கு முதல் தேவை.

ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்குப் போன் பண்ணினாங்க, நீங்க வந்தீங்க, அவர் விரல் நகத்துல எல்லாம் ஊதாக் கறை இருந்ததைப் பார்த்தீங்க. வீட்ல கட்டில் அடியில ஒரு கட்டுப் பழகின தாள், எல்லாத்துலயும் மஞ்சள், ஊதா, சேறு. அப்புறம் உங்க ஊருக்குத் திரும்பினா என்னோட ஏழு அடுக்கு வானம் தபால்ல வந்து காத்திருந்தது. இதை நீங்க போன்ல சொன்னப்போ உங்க குரல் ஒரு மாதிரி இருந்தது. கார்டு எப்படி இருந்ததுன்னு மட்டும் நீங்க சொல்லவே இல்லை.

அப்போதான் கவரோட உள்பக்கத்துலயும் அதே சேத்து நிறம் உங்க கண்ணுல பட்டிருக்கு. கவரை ஆவியில காட்டி, உள்ளே ஒட்டியிருந்த பழுப்புத் தாளைப் பிரிச்சிருக்கீங்க. பழைய ரெண்டு கவரையும் தேடி எடுத்து அதே மாதிரி பிரிச்சிருக்கீங்க. இந்த மேசையில நீங்க பரப்பி வச்சிருக்கிற மூணு தாளையும் வந்ததுல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஓரம் கொஞ்சம்கூடக் கிழியலை. நல்ல வேலை. அப்பாவோட கை இல்லை உங்களுக்கு.

ஆமா, அது அவர் கார்டுதான். மூணும். தடிமனான நல்ல தாள், தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அந்தப் பழுப்பு, தனியாப் பார்த்தாத்தான் சகிக்காது. இளஞ்சிவப்புக்கு உள்தாளா வச்சா பிரமாதமா எடுப்பா இருக்கும். கவர் அளவுக்கு வெட்டி, எழுத்து இருந்த பக்கத்துல பசை தடவி ஒட்டினேன். முதல் கவர்ல "நல்லா இல்லை"ங்கிற வார்த்தை வெட்டுப்பட்டுப் போச்சு. "பாப்பா, இது நானே செஞ்சது"ங்கிறது வரைக்கும் முழுசா இருக்கு பாருங்க. கட்டைவிரல் ரேகைகூட அந்த மூலையில அப்படியே இருக்கு.

நீங்க போலீசுக்குப் போனாலும் சரி, கீழே போய் அண்ணிகிட்டச் சொன்னாலும் சரி, நான் இதையேதான் சொல்வேன். உங்க அப்பா பிரஷ் அந்த டப்பாவுல இருக்கு, முடி எல்லாம் வளைஞ்சு கிடக்கும், வேணும்னா எடுத்துக்குங்க. ஆனா அவர் கார்டை நான் அனுப்பலைன்னு மட்டும் வாய் கூசாம சொல்லாதீங்க. மூணையும் என் கையால ஒட்டி, நானே தபால்ல சேர்த்தேன். மூணும் உங்க வீட்டுக்குப் பத்திரமா வந்து சேர்ந்தது. நீங்கதான் இத்தனை நாள் பிரிச்சுப் பார்க்கலை.